பாத்துக்கிட்டு இருக்காங்க

2008 ஜூன் 11, புதன். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. காப்பி. துளசிச் செடியில் பூச்சி. வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. காலையிலேயே வெயில் கடுமை. எட்டே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன்.

அன்றைய நாட்குறிப்பு இப்படித் தொடங்குகிறது. என் நாட்குறிப்பில் எல்லா நாளும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். எனக்குப் பிறகு யாராவது இவற்றை எடுத்துப் படித்தால், ஒரு மனிதன் தன் ஆயுள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தான் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். அது பெரிய தவறாகவும் இருக்காது.

அதே பக்கத்தின் அடியில், "பிற்பகல் ஒருவர் வந்தார். மேடம் பேசினார்" என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். துளசிப் பூச்சிக்கு இதைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்த மேடத்தைப் பற்றி இத்தனை நாள் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதப் பார்க்கிறேன்.

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகள் இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் தேடிப் பிடித்துக் கொடுப்போம். முதலாளி இளைஞர், பாதி நாள் சென்னையில் இருப்பார். மீதி அலுவலகம் என்பது நானும் அந்த அம்மாளும்தான். நான் அதற்கு முன் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று எழுதுவது வேலை. மில் மூடியபோது மற்றவர்கள் எதையெதையோ இழந்தார்கள். நான் இழந்தது ஒரு நல்ல சுவர்க் கடிகாரம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கூரியர்காரர் முதல் முதலாளி வரை எல்லோரும் அக்கா என்பார்கள். நான் மூத்தவன் என்பதால் மேடம் என்று கூப்பிட்டேன். எங்களிடம் வருவதற்கு முன் காந்தி வீதிப் பக்கம் ஒரு திருமண தகவல் மையத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்டதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். யாரிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். சொல்லக் கூடாது என்ற கொள்கை ஒன்றும் கிடையாது. அவருக்கு அது வராது, சிலருக்கு விசில் அடிக்க வராததைப் போல.

பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த மையத்தில் சொல்கிற பதில் ஒன்றுதானாம்: "பாத்துக்கிட்டு இருக்காங்க." அதைக் கேட்டவர்கள் சில வாரத்தில் தாங்களாகவே புரிந்துகொண்டு வேறு இடம் பார்த்துவிடுவார்கள். கல்யாணக் காரியத்தில் அது சரியாக நடந்தது. வேலை தேடுகிறவனோ அவ்வளவு எளிதில் புரிந்துகொள்வதில்லை.

ஒரு முறை சென்னைக் கம்பெனி ஒன்று, தேர்வாகாதவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள் என்றது. எழுதும் வேலையை அவரிடம் விட்டோம். அடுத்த வாரம் பண்ருட்டியிலிருந்து ஓர் இளைஞன் பெட்டி, படுக்கையோடு படியேறி வந்தான். வேலையில் சேர வந்திருப்பதாகச் சொன்னான். கையில் இருந்தது நாங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதம். வாங்கிப் படித்தேன். உங்கள் திறமை எங்களை மகிழ்வித்தது, உங்கள் எதிர்காலம் ஒளி மிக்கது, விரைவில் சந்திப்போம் என்று இருந்தது. அதைப் படித்த எனக்கே சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

"இதுல எங்க மேடம் இல்லன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கடைசி வரியில வாழ்த்துகள்னு போட்டிருக்கேன் பாருங்க சார். வேலை கெடச்சவனுக்கு யாராச்சும் வாழ்த்துகள்னு மொட்டையா போடுவாங்களா?"

அந்த இளைஞனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பஸ் ஏறும்போதும் அவனிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மாதம் ஒரு முறை தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர் ஒருவர் வருவார். ஒவ்வொரு மாதமும் முழு விளக்கமும் நடக்கும். அழுக்குத் தண்ணீரை ஊற்றுவார், தெளிந்த தண்ணீர் வரும், மேடம் ஆச்சரியப்படுவார். வாங்க மாட்டார். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். போனில் தவறான எண்ணுக்கு அழைத்தவர்களோடுகூடப் பேசி, அவர்கள் தேடும் ஆளின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் பார்ப்பார். பேசுகிறவர் வயதானவர் என்று குரலில் தெரிந்தால், ரிசீவரைப் பிடித்தபடி எழுந்து நின்றுகொள்வார். எதிரே யாரும் இல்லாத சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டுவேன்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்றும் நடந்தது. வில்லியனூரிலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமைதோறும் போன் செய்வாள். நல்ல பெண், படித்தவள். எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. மேடம் ஒவ்வொரு வாரமும் "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்பார். நான் ஒரு நாள் கண்டித்தேன். "சொல்லிட்டா அந்தப் பொண்ணு அப்பறம் போன் பண்ணாது சார்" என்றார், அதுதான் பெரிய இழப்பு போல. பிறகு ஒரு நாள் அவள் நேரிலேயே வந்தாள். நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிற வேலைக்குக் கூப்பிட்டார்களாம். "நீங்க பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க, அதான் போவல அக்கா. இப்ப அங்க வேற ஆளு வந்துட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். தகவல் சொல்வதைப் போலச் சொன்னாள். அன்று மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் என்னுடையதைத் திறந்தேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

இனி என்னைப் பற்றி. என் புகழின் உச்சம் அந்த வருடம்தான்.

முதலாளி ஆள் சேர்ப்பதற்கென்றே செய்த ஒரு மென்பொருளை வாங்கினார். அதுவரை ஒவ்வொருவரின் விவரத்தையும் மேடம் கையால் தட்டச்சு செய்வார். வேலையில் இருப்பவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ளும் இணையதளங்கள் அப்போது புதிது. பெயர், படிப்பு, முன்பு செய்த வேலை, போன் எண் எல்லாம் அதில் இருக்கும். புதிய மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. ஒருவரின் பக்கத்தைத் திறந்து அதை அழுத்தினால் போதும், அவர் விவரம் முழுவதும் தானாக வந்து நம்முடைய கட்டங்களில் உட்கார்ந்துகொள்ளும். எந்த விவரம் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதை மட்டும் முதலில் ஒருவர் உட்கார்ந்து அமைக்க வேண்டும். முதலாளி என்னைப் பார்த்து, "சார்தான் கரெக்ட்டான ஆளு" என்றார். அதை நாட்குறிப்பில் மேற்கோள் குறிக்குள் எழுதினேன்.

வெளிநாட்டு வழக்கப்படி குடும்பப் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சொந்தப் பெயர் கீழே சிறிதாக வந்தால் போதும் என்பது அவர் கட்டளை. அப்படியே அமைத்தேன். அமைத்ததோடு விடவில்லை, சோதித்தும் பார்த்தேன். முதலாளிக்குத் தெரிந்த சிலரின் பக்கங்களை எடுத்து அழுத்தினேன். எல்லாம் அழகாக வந்து விழுந்தன. அவர்கள் எல்லோரும் எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே அவர்கள் சட்டத்துக்குள் போய், ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்ட வீட்டுக்காரர்கள். பாட்டன் முதல் பேரன் வரை ஒரே பெயர் பின்னால் வரும். வேறு எந்த ஊரில் சோதித்திருந்தாலும் முதல் ஆளிலேயே தவறு தெரிந்திருக்கும். புதுச்சேரியில் மட்டும்தான் என் சோதனை வெற்றி பெற முடியும். வெற்றி பெற்றது. முதலாளிக்கு "முற்றிலும் சரி" என்று எழுதி அனுப்பினேன்.

நம்மைப் போன்ற மற்றவர்களுக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? அந்த இணையதளங்களோ இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்காது. சிலர் இனிஷியலைப் போட்டார்கள், சிலர் ஒரு புள்ளி வைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்பா பெயரைப் போட்டார்கள். என் அமைப்பு அந்த அப்பாக்களையெல்லாம் தூக்கி மேலே, பெரிய எழுத்தில் வைத்தது. பிள்ளைகள் அடியில் சிறிதாகத் தெரிந்தார்கள்.

திங்கட்கிழமை பட்டியலை இறக்கினோம். மேடம் பெரிய எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்துப் பார்த்துப் போன் செய்தார். ஒரு வீட்டில் பெண் குரல் ஒன்று, "எங்க வீட்டுக்காரர ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ யாரு மொதல்ல?" என்று பிடித்துக்கொண்டது. மேடம் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததால் எனக்கும் கேட்டது. இன்னொரு வீட்டில், நீங்கள் கேட்பவர் போய் இரண்டு வருடமாகிறது என்றார்கள். மேடம் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நம்ம லிஸ்ட்டுல ஒருத்தரு காலமாயிட்டாரு."

"சிவப்புல போடுங்க" என்றேன்.

அந்த மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். பச்சை என்றால் எடுத்தாயிற்று. சிவப்பு என்றால் வேண்டாம். மஞ்சள் என்றால் பரிசீலனையில் இருக்கிறது. மேடத்தின் கையில் சிவப்பு ஒரு நாளும் பட்டதில்லை. அவர் பட்டியல் கடுகு பூத்த வயலைப் போல ஒரே மஞ்சளாக இருக்கும். இறந்தவரையாவது சிவப்பில் போடுவார் என்று நினைத்தேன். பார்த்தால் அவரும் மஞ்சளில்தான் இருந்தார். நானே சிவப்பாக்கிவிட்டு, "விவரங்களைச் சரியாகக் கேட்க வேண்டும்" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இறந்தவர் ஏன் இணையதளத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அமைப்பு முற்றிலும் சரி என்று நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே.

செவ்வாய்க்கிழமை, கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கு ஏழுமலை என்பவரை அழைத்தார். இரண்டு வருட அனுபவம் என்று திரையில் இருந்தது. படம் போடாதவர்களுக்கு அதில் ஒரு சாம்பல் நிறத் தலை வரும்; இவருக்கும் அதுதான். போனில் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மேடம் எழுந்து நின்றார். இரண்டு வருட அனுபவம் உள்ள பையனுக்கு ஏன் எழுந்து நிற்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பார்த்தேன், வழக்கம்போல் கோப்பைப் புரட்டினேன்.

"நாளைக்கு மத்தியானம் வந்துடுங்க. நாலரைக்கு சென்னைலேருந்து போன்ல பேசுவாங்க" என்றார் மேடம். அவர் போனில் அனுபவத்தைப் பற்றியெல்லாம் கேட்கமாட்டார். கேட்டால் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும் என்பார்.

புதன்கிழமை இரண்டு மணி இருக்கும். மதியத்துக்கு ஊர்க் கடைகள் மூடிவிட்டன. கீழே டயர் கடையிலும் சத்தம் இல்லை. படியில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. தலையில் எண்ணெய். கையில் ஒரு துணிப்பை.

"வணக்கம்மா. ஏழுமலைங்க. நேத்து போன் பண்ணீங்களே."

மேடம் எழுந்துவிட்டார். "வாங்க வாங்க. ஒக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"உழவர்கரைலேருந்து பஸ்ஸுலதான் வந்தேன். ஒண்ணும் இல்ல." உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க டைம் ஆபீஸ் சாருதான?"

முகம் எனக்கு நினைவில்லை. பெயரும் நினைவில்லை. மில்லில் நான் யாரையும் பெயரால் அறிந்ததில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும் போல. தன் டோக்கன் எண்ணைச் சொன்னார். உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நெசவுப் பிரிவு, காலை ஷிப்ட், கேட்டின் கம்பிக்குள் டோக்கனை நீட்டும் கை.

"நாலு நிமிசம் லேட்டுன்னு ஒருக்கா அரை நாள் வெட்டுனீங்க சார்" என்று சிரித்தார். கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத சிரிப்பு. மேடத்திடம் திரும்பி, "ரொம்ப கரெக்ட்டா இருப்பாரும்மா. வரும்போது கொஞ்சம் பயந்துக்கிட்டேதான் வந்தேன், இந்த வயசுல யாரு நம்மள கூப்பிடுவாங்க, ஏமாத்து வேலையான்னு. சாரப் பாத்ததும் நம்பிக்கை வந்துடுச்சி" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் ஏழுமலை. அடியில் பொடி எழுத்தில் சரவணன். பிறந்த ஆண்டைப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, நான் சிவப்பில் போட்ட இறந்தவர்.

"கம்பெனிக்காரங்க இன்னாம்மா சொல்றாங்க?" என்று ஏழுமலை கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் மேடம், பழக்கத்தில்.

மேடத்தைக் கோப்பு அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"மேடம், நமக்கு வேண்டியது இவரு இல்ல. இவரு பையன். அப்பா பேரு மேல வந்துடுச்சி."

"எப்படி சார் மேல வந்துச்சி?"

"மெஷின்ல ஏதோ" என்றேன். மெஷின் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் முழு மனிதன் ஒருவன் ஒளிந்துகொள்ளலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"அதான் சார். நேத்து கொரலக் கேட்டதும் எழுந்து நின்னுட்டேன். வீட்டுக்குப் போயி யோசிச்சேன், ஏன் நின்னோம்னு."

நேரம் போய்க்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து நாலரைக்கு அழைப்பார்கள். ஆள் இல்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அன்றோடு அவர்கள் பட்டியலை முடிக்கிறார்கள். சரவணன் தன் பக்கத்தில் கொடுத்திருந்தது வீட்டுப் போன் எண். அவன் கைப்பேசி எண் இருக்கக்கூடிய ஒரே இடம் முன்னறையில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பை.

என் மூளை இந்த மாதிரி நேரத்தில் நன்றாக ஓடும். "ஒண்ணு பண்ணுங்க. குடும்ப விவரம் வேணும்னு சொல்லி, பையன் நம்பர வாங்கிடுங்க. இவருக்கு வழக்கம்போல பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லி அனுப்பிடலாம். யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். அத்தனை நாள் அவரைக் கண்டித்த வாய் இது.

"அனுப்பிட்டா, இவரும் திங்கக்கெழம திங்கக்கெழம போன் பண்ணுவாரு சார்" என்றார். "வேற எங்கனா கூப்பிட்டாக்கூட போவமாட்டாரு. எடுத்துப் பேசப்போறது நான்தான?"

"அப்ப என்ன பண்றது?"

"நீங்க சொல்லுங்க சார். நேருக்கு நேரா சொல்றது உங்களுக்குதான் வரும்."

கிண்டலா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளியே வந்து ஏழுமலையின் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏழுமலை, ஒரு விஷயம்."

"சொல்லுங்க சார்." அவர் துணிப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மில்லில் கொடுத்த சர்வீஸ் சான்று. அடியில் சரிபார்த்ததற்கான கையெழுத்து என்னுடையது.

"டீ சாப்பிடறீங்களா?" என்றேன்.

"இப்பத்தான் சாப்ட்டு வந்தேன் சார்."

"வெயில் ஜாஸ்தி."

"ஆமா சார்."

எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். அது ஏற்கெனவே கடைசி எண்ணில்தான் இருந்தது. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தலையைக் கூட நிமிர்த்தாமல் எத்தனையோ பேருக்கு அரை நாள் வெட்டியவன் நான். கம்பி இல்லாமல் எனக்கு ஒன்றும் வரவில்லை. ரெகுலேட்டரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றேன்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேடம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா."

"சொல்லும்மா."

"இந்த வேலை உங்களுக்கு இல்லீங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை.

"உங்க பையன் சரவணனுக்கு வந்தது. நாங்க தப்பா உங்களக் கூப்ட்டுட்டோம்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், அன்று நான் செய்த ஒரே உதவி.

"பாத்துக்கிட்டு இருக்காங்கன்னீங்களேம்மா."

"அது நான் எல்லாருக்கும் சொல்றதுங்க. யாரும் பாக்கல. உங்கள யாரும் பாக்கலீங்க."

அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் பூசிச் சொல்லலாமே என்று எனக்கு இருந்தது. ஏழுமலை சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டுப் பையின் வாயை இரண்டு முறை நீவிவிட்டார்.

"சரவணனுக்கா" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்ல கம்பெனியா?"

"நல்ல கம்பெனிங்க. சம்பளமும் நேரத்துக்கு வரும்."

"எத்தினி மணிக்கு பேசுவாங்க?"

"நாலரைக்கு. அவரு செல் நம்பரு வேணும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். "விழுப்புரத்துல ஒரு கம்ப்யூட்டர் கடையில இருக்கான். மத்தியானத்துல கடைக்குள்ளயே தூங்குவான். ரெண்டு வாட்டி அடிச்சாதான் எடுப்பான்." பிறகு, "நான் இங்க வந்தத அவன்கிட்ட சொல்லிக்க வேணாம்மா" என்றார்.

இரண்டாவது முறை அடித்தபோதுதான் எடுத்தான். மேடம் உட்கார்ந்துகொண்டே பேசினார். தன் மகன் போனில் "எஸ் மேடம், எஸ் மேடம்" என்பதை அப்பா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் பேசி முடித்ததும் ஏழுமலை எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"எம்பேரு எங்க சார் இருக்குது?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "இம்மாம் பெருசா போட்டிருக்கீங்க" என்றார். மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: "அத அழிச்சிடாதம்மா. இருந்துட்டுப் போவட்டும். யாரும் பாக்கலன்னாலும் பரவால்ல."

"சரிங்க" என்றார் மேடம்.

அவர் படியிறங்கும் ஓசை நிற்கும்வரை மேடம் நின்றுகொண்டிருந்தார். பிறகு தண்ணீர் குடித்தார். தலைவலிக்கிறது என்றார். மன்னிப்புக் கேட்பதற்குச் சரியான வாக்கியம் ஒன்றை நான் மனதுக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். அமைத்து முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது, தண்ணீர் இயந்திரக்காரர் வந்துவிட்டார். இன்று இந்த அம்மாளுக்கு இல்லை என்ற சொல் வந்துவிட்டது, இவருக்கும் ஒன்று கிடைக்கும் என்று ஆவலாகப் பார்த்தேன்.

"வாங்க வாங்க" என்றார் மேடம். "போன தடவ அந்த ஃபில்டரக் கழட்டி மாட்டறது எப்படின்னு காட்டாமயே போயிட்டீங்க பாருங்க."

அதற்குப் பிறகும் அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் திங்கட்கிழமைக்காரர்கள் குறைந்தார்கள். எப்படிக் குறைந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நான் டைம் ஆபீஸிலிருந்து வந்தவன், அவர் சீக்கிரமாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு யாருக்குப் போன் செய்தார் என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை. சரவணன் அந்த வேலையில் சேர்ந்தான். மேடம் பிறகு மகளோடு சேலத்துக்குப் போய்விட்டார். போகும்போது மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது புரிந்தது.

ஜூன் 12, வியாழன். மோட்டார், தொட்டி, செடி எல்லாம் நடந்தன. பூச்சி அப்படியே இருந்தது. மேடம் வருவதற்கு முன்பாக அலுவலகத்தைத் திறந்தேன். முதல் வேலையாக என் அமைப்பைத் திருத்தி, அப்பாக்களைக் கீழே இறக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். திருத்தினால் ஏழுமலை பெயர் மகனின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். அழிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆகவே அதற்கும் முன்னால், அவருக்கென்று புதிதாக ஒரு பக்கம் திறந்து, கையாலேயே தட்டச்சு செய்தேன். பெயர் ஏழுமலை. அனுபவம், நெசவு. அடுத்து குடும்பப் பெயருக்கான கட்டம் வந்தது. காலியாக விட்டால் ஏற்காது. ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகலாம். எனக்குப் புள்ளி வைப்பது பிடிக்காது. போனை எடுத்தேன்.

"ஏழுமலை இருக்காங்களா?"

"நான்தான் பேசறேன்."

"டைம் ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்றேன். வாய் தவறிவிட்டது. திருத்தவில்லை. ரிசீவரின் வயர் இழுபட்டபோதுதான், நான் எழுந்து நின்றிருப்பதைக் கவனித்தேன். "உங்க அப்பா பேரு என்னங்க?"

"எங்கப்பாவா? முனுசாமி. எதுக்கு சார்?"

"இங்க ஒரு கட்டம் காலியா இருக்கு."

போனில் சிரிப்பு கேட்டது, அரை நாள் வெட்டியதைச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

"இன்னா சார், பாத்துக்கிட்டு இருக்காங்களா?"

முனுசாமி என்று அடித்து முடித்தேன். வண்ணத்துக்கான கட்டம் வந்தது. மஞ்சளை அழுத்தினேன்.

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.